பட்டாணி அளவு பேஸ்ட்

நான் பல் டாக்டர். என் பற்கள் பழுப்பு நிறம். மேல்வரிசையில் முன்னால் தெரியும் நான்கிலும் தேநீர்க் கறை போலக் குறுக்குக் கோடுகள் ஓடும். சில இடங்களில் மேல்பூச்சு பொரிந்து சின்னச் சின்னக் குழிகளாக இருக்கும். திண்டுக்கல்லுக்குக் கிழக்கே ஒரு வறண்ட ஊரில் பிறந்து, அங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்ததால் வந்தது. அந்தத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால் கல்லூரிக்குப் போகும்வரை அது ஒரு குறை என்றே எனக்குத் தெரியாது.

கல்லூரியில் தெரிந்தது. ஃபுளோரைடு மிஞ்சினால் பல்லுக்கு என்ன ஆகும் என்று பாடம் நடந்த அன்று, திரையில் ஒரு படத்தைப் போட்டார்கள். யாருடைய வாயோ தெரியவில்லை, என் வாய் மாதிரியே இருந்தது. யாரும் கேலி செய்யவில்லை. பக்கத்தில் இருந்தவள் என் பக்கம் திரும்பாமல் இருப்பதற்கு எடுத்துக்கொண்ட சிரமம்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து வாயை மூடிச் சிரிக்கப் பழகினேன். பிறகு சிரிப்பதே குறைந்துவிட்டது.

படிப்பு முடிந்து மாப்பிள்ளை பார்த்தார்கள். இரண்டு இடம் வந்து போனது. இரண்டாவதாக வந்தவர்களில் ஒரு அம்மாள், "பல் டாக்டருக்கே பல்லு இப்படியா இருக்கும்?" என்று கூடத்தில் வைத்தே கேட்டார். அடுத்த இடம் வருவதற்கு முன் அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஒறை போட்டுக்க தாயி. ஊருல எத்தனை பேருக்கு நீயே போட்டு விடுற. ஒனக்குப் போட்டுக்கிட என்ன கேடு?"

பல்லின் மேல் வெள்ளை உறை போட்டுக் கறையை மறைப்பது பெரிய காரியமில்லை. என்னுடன் படித்த எவரிடம் போனாலும் செய்துவிடுவார்கள். ஆனால் அந்த மூன்றாவது மாப்பிள்ளை வரும் நாளைக் குறித்து வைத்து, அதற்குள் முடிக்க வேண்டும் என்று அம்மா சொன்னபோது என் மனம் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சமயத்தில்தான் கொடைக்கானலில் ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்குப் பல் டாக்டர் வேண்டும் என்று கேள்விப்பட்டேன். மலைக்கிராமப் பள்ளிகளுக்கும் போய்வர வேண்டும், சம்பளம் குறைவு, தங்குவதற்கு ஒரு அறை கொடுப்பார்கள் என்றார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அறை நாயுடுபுரத்தில் இருந்தது. ஒரு வீட்டின் பின்பக்கம், தனி வாசல். வீட்டுக்காரர்கள் மதுரைப் பக்கம் இருந்தார்கள், சீசனுக்கு மட்டும் வருவார்கள். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க முகக்கவசம் போட்டிருப்பேன். வெளியே வந்தால் குளிருக்கு மஃப்ளரை மூக்குவரை இழுத்துச் சுற்றிக்கொள்ளலாம். இந்த ஊரில் யாரும் அதை வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். என் முழு முகத்தைப் பார்த்தவர்கள் என்று அங்கே யாரும் இல்லை. முதலில் அது நிம்மதியாக இருந்தது. மழைக்காலம் தொடங்கிப் பனிமூட்டம் சாயங்காலமே ஜன்னலை அடைத்துக்கொண்டபோது, சில நாட்களில் ஆஸ்பத்திரியில் பேசியதைத் தவிர ஒரு வார்த்தையும் பேசியிருக்க மாட்டேன். அம்மா போனில் கூப்பிடுவாள். சாப்பிட்டாயா என்பாள், சாப்பிட்டேன் என்பேன். அவள் பேச நினைப்பது வேறு என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

வாரத்தில் ஒரு நாள் மன்னவனூருக்குப் போவேன். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, பூம்பாறை தாண்டி, வளைந்து வளைந்து போய் இறங்கினால் பள்ளிக்கூடம் பக்கம்தான். சுற்றிலும் கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டிருப்பார்கள். மண்ணைக் கழுவாத கேரட் மூட்டைகளோடு வேன்கள் நிற்கும். பிள்ளைகள் சிவந்த கன்னமும் மூக்குச்சளியுமாக ஸ்வெட்டருக்குள் இருப்பார்கள். வாயைத் திறக்கச் சொன்னால் மனது கஷ்டப்படும். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கடைவாய்ப் பல் நான்கும் கரைந்து வேர் மட்டும் மிஞ்சியிருக்கும். எங்கள் ஊர்த் தண்ணீரில் எது மிஞ்சியிருந்ததோ அது இந்த மலைத் தண்ணீரில் அநேகமாக இல்லவே இல்லை. கல்லில் வடிந்து வரும் சுத்தமான தண்ணீர். ஃபுளோரைடு அளவோடு இருந்தால்தான் பல் கெட்டிப்படும். அதோடு கடையில் தொங்கும் மிட்டாயும் கிரீம் பிஸ்கட்டும் சேர்ந்தால் பல் நிற்காது.

நான் செய்த வேலை எளிது. ஒவ்வொரு பிள்ளையின் பல்லிலும் பஞ்சால் ஒரு சிவப்புச் சாயத்தைத் தடவுவேன். பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்வேன். சுத்தமான பல்லில் சாயம் நிற்காது. பல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வழுவழுப்பான படலம் படிந்திருக்கும் இடத்தில் மட்டும் சிவப்பாகப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் அதைப் பிளேக் என்போம். கிருமிகள் குடியிருப்பது அதில்தான். இனிப்பு சாப்பிட்டதும் அவை புளித்த நீரைக் கக்கி, பல்லை அரிக்கும். வாய் முழுக்கச் சிவந்துபோய் ஒருவரை ஒருவர் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்துக்காகவே வாரம் முழுக்கக் காத்திருப்பேன் என்று சொன்னால் மிகையில்லை.

ஆஸ்பத்திரி முதலில் அனுப்பியது சிறுபிள்ளைகளுக்கான பேஸ்ட். ஸ்ட்ராபெர்ரி வாசனை, ரோஸ் நிறம். பெரியவர்கள் தேய்க்கும் பேஸ்ட்டில் இருப்பதில் பாதி அளவு ஃபுளோரைடுதான் அதில் இருந்தது. பிள்ளைகள் அதைத் தேய்த்ததைவிடச் சப்பியதே அதிகம். சில மாதம் பார்த்தேன். சாயம் கொஞ்சம் குறைந்த வாய்களிலும் பல்லில் சுண்ணாம்பு தொட்டது போல வெள்ளைப் புள்ளிகள் புதிதாக வந்துகொண்டிருந்தன. ஓட்டை விழுவதற்கு முந்தைய நிலை அது. இவர்களுக்கு இந்தப் பாதி அளவு போதாது என்று எனக்குப் பட்டது. பெரியவர்களின் பேஸ்ட்டே வேண்டும், அளவை மட்டும் குறைத்துக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். மூத்த டாக்டர் யோசித்துவிட்டுச் சரி என்றார். "முழுங்காம பாத்துக்கோ. அதை மட்டும் சொல்லிக் கொடுத்துரு," என்றார்.

புது பேஸ்ட்டோடு போன அன்று, தேய்க்கும் முறையைக் காட்ட எப்போதும் கொண்டுபோகும் பிளாஸ்டிக் பல்வரிசையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு வந்து பையைத் திறந்தபோதுதான் தெரிந்தது. முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் கையில் புது பிரஷ்ஷோடு தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வேறு வழியில்லை. முகக்கவசத்தைக் கழற்றினேன். பிரஷ்ஷில் ஒரு பட்டாணி அளவு பேஸ்ட்டை வைத்து, எல்லாருக்கும் காட்டி, உதட்டை விலக்கித் தேய்க்கத் தொடங்கினேன்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. பிள்ளைகளை அவ்வளவு அமைதியாக நான் அங்கே பார்த்ததில்லை. முன்வரிசையில் முதல் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். சுருட்டை முடி, சாயம் தடவும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்பவள். அவள்தான் கேட்டாள்.

"மிஸ், நீங்க பல்லு வெளக்கவே மாட்டீங்களா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். டீச்சர், "ஏய்!" என்று அதட்டினார். நான் பேஸ்ட்டைத் துப்பிவிட்டு, "வெளக்குவேன்டா. சின்னப் புள்ளையில குடிச்ச தண்ணியால இப்படி ஆயிருச்சு. அந்தத் தண்ணியில ஃபுளோரைடுன்னு ஒண்ணு ரொம்ப ஜாஸ்தி," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அந்த வார்த்தை, அன்று வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய பேஸ்ட் டியூப்பின் மேலும் எழுதியிருந்ததை நான் யோசிக்கவில்லை. படிக்கத் தெரிந்த அண்ணன், அக்கா வீட்டுக்கு வீடு இருந்தார்கள்.

அடுத்த வாரம் போனபோது தலைமை ஆசிரியையின் மேஜைமேல் பேஸ்ட் டியூப்கள் குவிந்து கிடந்தன. சிலவற்றை மூடிகூடத் திறக்கவில்லை.

"திருப்பிக் கொண்டாந்து போட்டுட்டாங்க மேடம்," என்றார் தலைமை ஆசிரியை. "இதப் போட்டா பல்லு காவி ஏறிப் போயிருமாம். டாக்டரம்மா பல்லே அப்படித்தான் கெடக்குன்னு பேசுறாங்க. போதாக்குறைக்கு வாட்ஸ்அப்புல எவனோ ஒருத்தன், இது விஷம்னு பேசி அனுப்பியிருக்கான். பெத்தவங்க குரூப்புல நாலு நாளா அதுதான் ஓடுது." தன் போனை நீட்டினார். யாரோ முகம் தெரியாத ஆள், எந்த ஊரோ, உரத்த குரலில் பயமுறுத்திக்கொண்டிருந்தார். அதன் கீழே ஒரு அம்மா எழுதியிருந்தார்: அந்த டாக்டருக்கே பல் எல்லாம் போயிருச்சு.

அன்று எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கேட்டால் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு தலையை ஆட்டினார்கள். சுருட்டை முடிக்காரி என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். சாய பாட்டிலை மூடி வைத்துவிட்டுத் திரும்பினேன். மத்தியான பஸ் வரவில்லை. பஸ் ஸ்டாப் ஷெட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். மூட்டம் ரோட்டைத் தாண்டி வந்து எதிரே இருந்த வேலியை மறைத்தது, பிறகு ரோட்டையே மறைத்தது. என் வீட்டுக் கூடத்தில் கேட்டதையும் இங்கே நடப்பதையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. எங்கே போனாலும் ஆட்கள் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் என் பல்லைப் பார்த்துவிடுகிறார்கள் என்று தோன்றியது. அழுதேன். அழுவதற்குத் தோதான இடம்தான். யாரும் வரவில்லை.

அன்று ராத்திரி அம்மா கூப்பிட்டபோது குரலில் ஏதோ கண்டுபிடித்துவிட்டாள். "என்னத்தா?" என்றாள். ஒன்றுமில்லை, சளி பிடித்திருக்கிறது என்றேன். "வந்துரு," என்றாள்.

வந்துவிடலாம்தான். ஆனால் அந்த டியூப்கள் மேஜைமேல் கிடந்தது மனதை விட்டுப் போகவில்லை. நான் போய்விட்டால் அவர்கள் நினைத்தது உறுதியாகிவிடும். பிள்ளைகளுக்குக் கடைவாய்ப் பல் கரைந்துகொண்டேதான் இருக்கும். தலைமை ஆசிரியைக்குப் போன் செய்து, பெற்றவர்களை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றேன். "காட்டுச் சோலிக்குப் போயிருவாங்க மேடம். வெள்ளனே வந்தீங்கன்னா பிடிச்சிரலாம்," என்றார். அதனால் முதல் நாளே போய், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலிருந்த டீச்சர் வீட்டில் தங்கிக்கொண்டேன்.

காலையில் வந்தவர்கள் பாதிப் பேர்தான். மண்வெட்டியும் கூடையுமாக, வேலைக்குப் போகிற வழியில் நின்றார்கள், உட்காரவில்லை. பெண்கள்தான் அதிகம். சுருட்டை முடிக்காரியின் அம்மாவும் நின்றாள். ஒல்லியான பெண், இடுப்பில் கைக்குழந்தை. கணவன் திருப்பூரில் வேலை பார்க்கிறார் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நான் மஃப்ளரை இறக்கி, முகக்கவசத்தையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நல்லாப் பாத்துக்கங்க," என்றேன். வாயைத் திறந்து காட்டினேன். காற்று குளிராகப் பல்லில் பட்டது. அவ்வளவு பெரியவர்கள் முன்னால் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை.

பிறகு சொன்னேன். "எங்க ஊருத் தண்ணியில இது அளவுக்கு மேல கெடக்கு. பல்லு ஈறுக்குள்ள உருவாகுற வயசுல தெனமும் அதக் குடிச்சோம். சோறும் அதுலதான் பொங்குனோம். அதனால வந்தது இது. ஒங்க ஊருத் தண்ணியில அது இல்லவே இல்ல. அதுனாலதான் இங்க பிள்ளைகளுக்குப் பல்லு சீக்கிரம் கரையுது. குழம்புல ஒரு கை உப்ப அள்ளிப் போட்டாலும் வாயில வைக்க முடியாது, சுத்தமா இல்லாட்டாலும் வைக்க முடியாதுல்ல? அது மாதிரித்தான்."

ஒரு வேன் டிரைவர் கேட்டார். "அப்ப முழுங்குனா கெடுதல்னு ஒத்துக்கிறீங்கல்ல?"

"ஒத்துக்கிறேங்க. தெனமும் முழுங்குனா சின்னப் பிள்ளைகளுக்குப் பல்லுல கறை விழலாம். அதுக்குத்தான் பட்டாணி அளவு. நீங்க பக்கத்துல நின்னு துப்ப வைக்கணும். துப்பத் தெரியாத கைக்குழந்தைக்கு அரிசி அளவு தொட்டு வச்சாப் போதும். ருசியா இருக்குன்னு டியூப்ப வாயில வச்சு உறிஞ்ச விடாதீங்க."

"பழைய ரோஸ் பேஸ்ட்டே குடுத்திருக்கலாம்ல?" என்றார் அவரே.

"அது பத்தலங்க. தேய்ச்சாங்க, ஆனாலும் பல்லுல வெள்ளப் புள்ளி வந்துச்சு. நான் பாத்துட்டுத்தான் மாத்தச் சொன்னேன்."

சுருட்டை முடிக்காரியின் அம்மா அதுவரை பேசவில்லை. குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள். "நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா பொட்டப்புள்ளைங்க. நாளைக்கு ஒங்கள மாதிரி ஆயிருச்சுன்னா எவன் வந்து கட்டுவான்?"

பக்கத்தில் நின்ற பெண் அவள் கையைக் கிள்ளினாள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நெசந்தாங்க. என்னைய யாரும் கட்டல. அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு ஒங்க பிள்ளைக்கு அத நான் செய்வேனா?"

ஒருவர் இருமினார், ஒருவர் "நேரமாச்சு" என்றார், கூட்டம் காட்டுப் பக்கம் கலைந்தது. மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. தலைமை ஆசிரியை கொடுத்த காபியை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் போய் நின்றேன்.

அந்த அம்மா அங்கே வந்தாள். மற்றவர்கள் தூரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். "நான் மனசுல ஒண்ணும் வச்சுக் கேக்கலங்க," என்றாள். தெரியும் என்றேன். இடுப்புக் குழந்தையைச் சரிசெய்துகொண்டாள். "பெரியவளுக்கு மட்டும் குடுங்க. எம்முன்னாடியே வெளக்கச் சொல்றேன். சின்னதுக்கு இப்ப வேண்டாம், பயமா இருக்கு." அது போதும் என்றேன். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, முன்னால் போனவர்களைப் பிடிக்க வெரசாக இறங்கிப் போய்விட்டாள்.

எல்லாரும் திரும்பி வரவில்லை. மேஜைமேல் கிடந்த டியூப்களில் பாதிதான் வீடு திரும்பியது. வேன் டிரைவர் தன் பையனுக்குக் கடைசிவரை வாங்கவில்லை. அவன் கடைவாய்ப் பல்லை நான்தான் பிடுங்கினேன். வலி தாங்காமல் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, அவன் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தொடர்ந்து தேய்த்த பிள்ளைகளிடம் ஒன்றைக் கவனித்தேன். வலுவான பேஸ்ட் வந்ததால் மட்டும் சாயம் குறையவில்லை. பிளேக்கை எடுப்பது பிரஷ்தான், கைதான். அவசர அவசரமாகத் தேய்த்தவன் வாயில் எந்தப் பேஸ்ட்டாக இருந்தாலும் ஈறோரம் சிவப்பு அப்படியே நின்றது. வித்தியாசம் தெரிந்தது அந்தச் சிவப்புக்கு அடியில். முன்பு பாதி அளவு பேஸ்ட்டில் ஓட்டையாகிக்கொண்டிருந்த வெள்ளைப் புள்ளிகளில் பல, இப்போது அப்படியே நின்றுபோயிருந்தன. சில இடங்களில் பல் திரும்பக் கெட்டியாகிப் பளபளத்தது. என் கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன்.

என் தனிமை அதனால் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. மன்னவனூரில் மட்டும் முகக்கவசம் இல்லாமல் நடந்தேன். அங்கே எல்லாரும் பார்த்துவிட்டார்கள், இனி மறைக்க ஒன்றுமில்லை. கடையில் நின்றால் பெண்கள் பேச்சுக் கொடுத்தார்கள். ஆனால் சாயங்காலம் பஸ் ஏறினால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நாயுடுபுரத்தில் கதவைத் திறந்து, லைட்டைப் போட்டு, ஒரு ஆளுக்கு அரிசி களைவேன். மூன்றாவது மாப்பிள்ளை வீட்டார் வராமலே வேறு இடம் பார்த்துக்கொண்டதாக அம்மா ஒரு நாள் சொன்னாள். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, நிம்மதியாக இருக்கிறதே என்று வருத்தமாகவும் இருந்தது.

அடுத்த வருடம் குளிர் விடத் தொடங்கிய ஒரு நாள், சுருட்டை முடிக்காரி இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கச் சொன்னேன். இப்போதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பால்பற்களுக்குப் பின்னால், கீழ்வரிசையில், அவளுடைய முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைத்து முழுதாக வெளியே வந்திருந்தது. சாயத்தைத் தடவிக் கொப்பளிக்க வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் மெல்லிய சிவப்பு ஒன்றிருந்தது, மற்றபடி சுத்தம். கோடில்லை, புள்ளியில்லை, கறையில்லை. பளிங்கு போல ஈரத்தில் மின்னியது. இந்தப் பல் அவளுக்கு அறுபது வயதிலும் இருக்கலாம்.

"நல்லா இருக்கா மிஸ்?" என்றாள், வாயைத் திறந்தபடியே.

"நல்லா இருக்குடா," என்றேன். கைக்கண்ணாடியில் அவளுக்கும் காட்டினேன். அவளுக்கு அதில் பெரிய சுவாரசியம் இல்லை. குதித்து இறங்கி ஓடிவிட்டாள். அவள் அம்மா அன்று கேரட் கழுவப் போயிருந்தாள், வரவில்லை. டீச்சருக்கு ஏதோ கூட்டம்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே புதிதாக டீக்கடை வைத்திருந்த அக்காவிடம் டீ வாங்கிக்கொண்டு, "ஒரு பிள்ளைக்குக் கடைவாய்ப் பல்லு மொளைச்சிருக்கு. ரொம்ப அழகா வந்திருக்கு," என்றேன்.

அவர் அடுப்பிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "ஒங்க பிள்ளைக்காங்க?"

"இல்ல. இங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளை."

"நல்லதுங்க," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, கேட்டதற்கு இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தவர் போல, "பல்லு நல்லா இருந்தா ஆயுசுக்கும் நல்லதுதான்," என்றார். பிறகு பாலைக் கிண்டத் திரும்பிவிட்டார். டீ சூடாக இருந்தது. பஸ் வரும்வரை அங்கேயே உட்கார்ந்து குடித்தேன்.